தைத்த பாட்டும் கோத்த பாட்டும்



பல்லேகலயிலிருந்து கண்டிக்கு வரும் பஸ் வண்டியில் ஒருநாள் என் மாணவி ஒருத்தி அருகில் வந்து நின்றாள். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “சேர், போஹேமியன் ரப்சொடி என்ற பாட்டுக் கேட்கிறேன். ரப்சொடி என்றால் தமிழில் என்ன?” என்று கேட்டாள். 1975இல் வெளிவந்த ஆங்கிலப் பாட்டு அது. “உணர்ச்சிப் பெருக்கான பாடல்” என்று அகராதியிற் கண்டதைச் சொல்லிவிட்டு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கிவிட்டேன். சொன்னது பிழையன்று, ஆனால் அது அச்சொல்லின் கடைசிப் பொருள். முதற்பொருளை நான் சொல்லவேயில்லை. அந்தக் கடனைத்தான் இன்று தீர்க்க எண்ணுகிறேன்.

கிரேக்க மொழியில் ‘ரப்தெயின்’ என்றால் தைத்தல். ‘ஓதே’ என்றால் பாட்டு. இவ்விரண்டும் கூடிப் பிறந்தவன் ‘ரப்சோதோஸ்’, அதாவது பாட்டுத் தைப்பவன். பழைய கிரேக்கப் பாடகன் யாழ் போன்ற நரம்புக் கருவியை மீட்டித் தானே கதை புனைந்து பாடினான். பின்வந்த ரப்சோதோஸ் கருவியை விட்டுக் கையில் ஒரு கோலை ஏந்தினான். ஹோமரின் இலியட்டையும் ஒடிசியையும் மனப்பாடமாக ஓதினான். ஏதென்ஸ் நகரத்துப் பெருவிழாவில் ஒருவன் நிறுத்திய இடத்திலிருந்தே அடுத்தவன் தொடங்கவேண்டும் என்று விதி இருந்ததாகப் பழைய நூல்கள் கூறும். துண்டு துண்டாய் இருந்ததை ஒரே துணியாக்கும் வேலை அல்லவா அது!

இத்தகைய ஒருவனைப் பிளேட்டோ தமது உரையாடல் ஒன்றில் நம்முன் நிறுத்துகிறார். எபேசஸ் நகரத்தவனான அயன் என்பவன், சோகக் கட்டத்தைப் பாடும்போது தன் கண் நீரால் நிறைகிறது என்கிறான். ஆனால் மேடையிலிருந்தபடியே சபையையும் கவனித்துக்கொள்கிறான். அவர்கள் அழுதால் தான் காசு பெற்றுச் சிரிக்கலாம், அவர்கள் சிரித்தால் காசிழந்து தான் அழவேண்டியதுதான் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறான்! அவனிடம் இருப்பது கலையறிவன்று, தெய்வ ஆவேசமே என்று சோக்கிரதர் வாதிப்பார். பிற்காலத்தில் இச்சொல்லில் ஏறிய உணர்ச்சிப் பொருளின் நிழல் அங்கேயே விழுந்துவிட்டதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆங்கிலத்திற் புகுந்தபின் இச்சொல் சற்றுக் கீழிறங்கி, ஒழுங்கின்றி ஒட்டவைத்த கதம்பம் என்றும் பொருள்பட்டது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் வருவது அப்பொருளே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இசைவாணர் அதைக் கைதூக்கிவிட்டனர். லிஸ்ட் என்பார் ஹங்கேரிய ரப்சொடிகள் இயற்றினார். 1924இல் அமெரிக்கரான கேர்ஷ்வின் நீல ரப்சொடியை அரங்கேற்றினார். கட்டுக்கடங்காது இராகம் மாறிச் செல்லும் இசைக்கு அது பெயராயிற்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கிரேக்கன் பாட்டைத் தைத்தான் என்றால் தமிழன் நூற்றான், நெய்தான், தொடுத்தான், கட்டினான். புத்தகத்தையும் பஞ்சு இழையையும் ‘நூல்’ என்ற ஒரே சொல்லாலேயே வழங்குகிறோம். ‘பனுவல்’ என்பதும் அவ்வாறே. புறநானூற்றில் அது பருத்திப் பெண்டின் கையிலுள்ள பஞ்சைக் குறிக்கும். ‘பா’ செய்யுளுமாகும், தறியில் ஓடும் பாவுமாகும். யாப்பு என்றால் கட்டு. தொடை என்றால் தொடுப்பது. பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் வாயை அவள் கையாகவும் அறிவைக் கதிராகவும் உருவகஞ் செய்துள்ளார். வகுப்பில் இதை விளக்கும்போது பிள்ளைகள் கதிரை நெற்கதிர் என்று எண்ணிவிடுகிறார்கள். நூற்குங் கதிரைக் கண்ட தலைமுறை போய்விட்டது.

சொல் ஒத்திருந்தாற் போதுமா? தொழிலும் ஒத்திருந்ததா? இக்கேள்வியைப் பெரிதாக எழுப்பியவர் நம்மவரே. பேராதனையிற் பயின்ற க. கைலாசபதி, பேர்மிங்காமில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆய்வு செய்தார். தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய அவரது ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. அதற்கு முன் 1933 தொடக்கம் 1935 வரை மில்மன் பரி என்ற அமெரிக்கர் யூகோஸ்லாவியக் கிராமங்களில் எழுத்தறியாப் பாடகர்களின் நெடுங்கதைப் பாட்டுகளைப் பதிவு செய்திருந்தார். ஆயத்தமாய் உள்ள தொடர்களை இணைத்து இணைத்தே அவர்கள் அவ்விடத்திலேயே பாட்டை ஆக்கினர் என்பது அவர் கண்ட உண்மை. சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் அடைகளையும் தொடர்களையும் அதே கண்ணோடு நோக்கிய கைலாசபதி, அவை வாய்மொழி மரபில் விளைந்தவை என்றார்.

இதை எல்லோரும் ஏற்றாரல்லர். ஜோர்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூலில், பாணர் வாய்மொழியாகப் பாடியது மெய்யே, ஆயினும் நம் கையிலுள்ளவை அம்மாதிரியைப் பின்பற்றிக் கற்ற புலவர் இயற்றியவை என வாதிட்டார். எனக்கு இது வெறும் பண்டித வழக்காகப் படவில்லை. பத்துப்பாட்டைத் திறந்தால் பாணனும் பொருநனும் கூத்தனும் வழிநெடுக நடக்கிறார்கள். அவர்கள் பசியும் கிழிந்த உடையும் நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வாயிலிருந்து வந்த பாட்டு எங்கே? ஹார்ட் சொல்வது சரியானால், பாணனின் படம் நம்மிடம் உண்டு, குரல் இல்லை. கைலாசபதி சொல்வது சரியானால் குரலும் ஓரளவு தப்பியிருக்கிறது. தொடர்களின் மீள்வரவைப் பார்க்கும்போது என் மனம் கைலாசபதி பக்கமே சாய்கிறது. ஆயினும் குறுந்தொகையின் நுண்ணிய எட்டடிப் பாட்டொன்றை நெடுங்கதைப் பாடகனின் அளவுகோலால் அளக்கத் தயக்கமாகவே உள்ளது.

ஹோமரைக் குருடர் என்கிறது கிரேக்க ஐதிகம். யாழ்ப்பாணத்துக்குப் பெயர் வரக் காரணமான யாழ்பாடியையும் நம் வைபவமாலை குருடர் என்றே கூறும். வரலாறு என்று இரண்டையும் கொள்ள முடியாது. ஆனாலும் இரு நாட்டாரும் ஒரே மாதிரிக் கற்பனை செய்தது வியப்பே.

தைக்கும் பாட்டைக் கேட்க நான் ஏதென்ஸ் போகவேண்டியதில்லை. தோட்டமொன்றில் ஒரு சாவீட்டில் மூதாட்டி ஒருவர் ஒப்பாரி வைத்தார். முந்திய சாவீட்டிற் கேட்ட அதே அடிகள்தாம். அங்கே தகப்பனாக இருந்தது இங்கே தமையனாயிற்று, பல்லக்குத் தேராயிற்று, நடுவே இறந்தவரின் தொழிலும் அவர் ஏறி இறங்கிய மலையும் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டன. ஒட்டுத் தெரியவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்துவைத்ததால் அவற்றிற் சில தாளில் நிற்கின்றன. மற்றவை பாடியவரோடு போயின.

மறுநாள் இவற்றையெல்லாம் மாணவியிடம் சொன்னேன். அவள் கொப்பியில் ‘கோவைப்பாட்டு’ என்று எழுதிக் காட்டினாள். நல்ல சொல்தான். ஆனால் கோவை என்பது ஏற்கெனவே நானூறு துறைகளில் அகப்பொருள் பாடும் பிரபந்தத்துக்குப் பெயராகிவிட்டதே என்றேன். இராகமாலிகை என்றாள். அது முறைப்படி இராகங்களைக் கோப்பது. இதுவோ முறையை மீறுவது. வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.