ரேஷன் அரிசியில் மிதக்கும் அந்த வெள்ளை மணி: மணிலா முதல் திருச்சி வரை ஒரு கதை

போன ஞாயிறு எங்க வீட்டில் பிலிப்பைன்ஸ் ஸ்டைல் இறால் ஃப்ரைட் ரைஸ்!

அங்கே இதுக்குப் பேர் சினங்காக். முதல் நாள் மீந்த சோறு, தட்டிப் போட்ட பூண்டு, உப்பு. அவ்வளவுதான். நமக்குப் பழைய சோறு மாதிரி அவங்களுக்கு அது காலைச் சாப்பாடு. நான் உறையூர் மார்க்கெட்டில் வாங்கின இறாலையும் கணவாயையும் வதக்கிச் சேர்த்துக்கிட்டேன்.

முந்தின நாள் அதுக்காக ரேஷன் அரிசியைக் களைஞ்சப்ப, மிதந்த சில மணிகளை அம்மா பொறுக்கி வெளியே போட்டாங்க.

"பிளாஸ்டிக் அரிசிப்பா. ஸ்ரீரங்கத்துல நம்ம தெருவே இதைப் பொறுக்கித்தான் போடுது."

டாக்டர் வீட்டிலேயே இப்படியா! அதனால்தான் இந்தப் பதிவு.

நூறு வருஷத்துக்கு முன்னாடி, பிலிப்பைன்ஸ். மில்லில் நல்லா தீட்டின வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களுக்கு பெரிபெரி வந்தது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் செயலிழக்கும். தாய்க்குச் சத்து இல்லாததால் தாய்ப்பால் மட்டும் குடித்த பச்சிளம் குழந்தைகளும் இறந்தன.

அதே காலத்தில் மலேயாவில் பிராடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தீட்டின பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு பெரிபெரி அதிகம். புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம் தமிழர்களுக்கோ மிகவும் குறைவு! 1907-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

காரணம் பின்னாடிதான் புரிந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற தயமின் (வைட்டமின் பி1) அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் ஒரு பகுதி தங்கும்.

1910, மணிலா. அமெரிக்க ராணுவ டாக்டர் எட்வர்ட் வெட்டர், தவிட்டிலிருந்து எடுத்த சாற்றை ஒரு இளம் வேதியியலாளரிடம் கொடுத்து, "இதில் நோயைக் குணமாக்குவது எதுன்னு கண்டுபிடி" என்று கேட்டார்.

அந்த இளைஞர் ராபர்ட் ஆர். வில்லியம்ஸ். பிறந்தது எங்கே தெரியுமா? அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், 1886-ல்!

சாகக் கிடந்த ஒரு குழந்தையின் வாயில் அந்தச் சாற்றைச் சொட்டு சொட்டாக விட்டார்கள். சில மணி நேரத்தில் குழந்தை தேறியது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி அவரை விடவில்லை. அமெரிக்காவில் பெல் டெலிபோன் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1936-ல் தயமினைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டார். 26 வருஷ உழைப்பு!

மாத்திரை சரி, ஏழை வீட்டுச் சோற்றில் அது எப்படிப் போய்ச் சேரும்? 1948-ல் பிலிப்பைன்ஸின் படான் மாகாணத்தில் டாக்டர் ஹுவான் சல்செடோவும் வில்லியம்ஸும் அதைச் செய்து காட்டினார்கள். தயமின், நியாசின், இரும்புச்சத்து ஏற்றிய அரிசி மணிகளைச் சாதாரண அரிசியில் கலந்து கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் பெரிபெரி மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

அதே யோசனைதான் 2020-ல் நம்ம ஊருக்கு வந்தது. செறிவூட்டப்பட்ட அரிசியை ரேஷனில் கொடுக்கும் முன்னோடித் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்வான மாவட்டம் திருச்சி.

இங்கே குறி பெரிபெரி இல்லை, ரத்தசோகை. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவ வார்டில் நாங்கள் தினமும் பார்ப்பது இதைத்தான்.

அம்மா பொறுக்கிப் போட்ட மணி பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, அரிசி வடிவத்திலேயே பிழிந்து எடுத்தது. 100 கிலோவுக்கு 1 கிலோ கலப்பார்கள். நிறமும் எடையும் கொஞ்சம் மாறுவதால் தனியாகத் தெரியும், சிலது மிதக்கும்.

நூறில் ஒன்றுதான் சத்து மணி. அதையும் பொறுக்கிப் போட்டால் மிச்சம் வெறும் அரிசிதான்!

இது மட்டும் போதாது என்பதும் உண்மை. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை விடக்கூடாது. கீரை, முட்டை, மீன் வேண்டும். தலசீமியா உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்னதும் அம்மா கேட்டாங்க: "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

நியாயமான கேள்வி. அரிசி கொடுத்தோம், விளக்கம் கொடுக்கலை. அந்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்பிடுச்சு.

உங்க வீட்டில் அரிசி களைபவரிடம் இன்னைக்கே சொல்லிடுங்க.