புரி

பட்டறையில் போல்ட்டின் மேல் ஓடும் வரியை ‘மரை’ என்பார்கள். பாடநூல் ‘திருகுபுரி’ என்கிறது. புரிதல் என்றால் முறுக்குதல். கயிற்றின் புரி, முப்புரிநூல், வலம்புரிச் சங்கு எல்லாம் அந்த வேரில் வந்தவை.

வீட்டு சிஎன்சி மில்லிங் மெஷினில் மரை வெட்டுவதைப் பார்த்தால் இந்தப் பொருள் கண்முன் நடக்கிறது. துளையைவிடச் சிறிய ஒற்றைப் பல் கட்டர் தானும் சுழன்று, துளைக்குள் வட்டமடித்தபடியே மேலேறுகிறது. ஒரு வட்டத்துக்கு ஒரு புரியிடை ஏற்றம்; அதாவது அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடையேயான தூரம். எம்8 சாதாரண மரைக்கு அது 1.25 மி.மீ. மரை வெட்ட டேப் போடுவதென்றால் ஸ்பிண்டிலின் சுழற்சியும் இறக்கமும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. கட்டர் முறிந்தாலும் துளையை அடைத்துக்கொள்ளாது. சிறிய மெஷினுக்கு இதுவே நல்ல வழி என்பேன். ஏறுவதற்குப் பதில் இறங்கச் சொன்னால், அதே கட்டர் இடக்கை மரையையும் வெட்டித் தரும்.

சங்கின் பெயரை வைத்து மரையின் திசையைச் சொல்லிவிட முடியாது. அரிதான வலம்புரியின் முறுக்கு இடக்கை மரையின் முறுக்கு. கடலில் மிகுதியாகக் கிடைக்கும் இடம்புரிதான் நம் சாதாரண போல்ட்டைப் போலச் சுற்றிச் செல்கிறது.