கொல்லைக்கும் தொட்டிக்கும் நடுவே

எங்கள் பழைய சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் அன்று கழிப்பறைக்கென்று பெயரே கிடையாது. அறை இருந்தால்தானே பெயர் வரும்? போவதற்குத்தான் சொல் இருந்தது. புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் ஆயா, "வெளிக்குப் போய்ட்டு வரேன்" என்பாள். பக்கத்து வீட்டு ரெட்டியாரம்மா, "பைட்டிக்கி போயொஸ்தா" என்பார். ஏரி இருந்த ஊரில் "ஏரிப்பக்கம்", மேடு இருந்த ஊரில் "காட்டுப்பக்கம்". குப்பம் நகரத்தில் கன்னடம் பேசுகிறவர்கள் "பயலு" என்றார்கள், அதுவும் வெட்டவெளிதான். தமிழில் சொம்பு, தெலுங்கில் செம்பு. எந்த மொழிக்காரர் கையிலும் இருந்தது ஒரே பாத்திரம்.

முப்பது வருஷத்துக்கு மேல் நகரி, புத்தூர் பகுதிப் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, ஆபீஸ் காகிதமெல்லாம் தெலுங்கு என்று வளர்ந்த பிள்ளைகள்தான் என் வகுப்பில் இருந்தார்கள். ஒரு விரல் காட்டி, "ஒண்ணுக்கு சார்" என்று எழுந்து நிற்பான் ஒருவன். தெலுங்கு மீடியத்தில் அதே விரலோடு, "ஒண்ட்டிக்கி சார்". இரண்டு விரல் என்றால் இங்கே "ரெண்டுக்கு", அங்கே "ரெண்ட்டிக்கி". கணக்கு வாத்தியார் வைத்ததுபோன்ற இந்தப் பெயர்கள் இரண்டு மொழியிலும் ஒரே அச்சில் இருக்கின்றன. எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்கப் பார்ப்பது வீண்வேலை என்றே நினைக்கிறேன். இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவை.

எல்லை பிற்பாடு வந்தது. சித்தூர் நகரம் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். அந்த வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் மாவட்டம் தனியாக அமைந்தது. வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் போனது. மதனபல்லிப் பக்கத்தைக் கடப்பையிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுக்க அங்கே போயிற்று. ம.பொ.சி.யும் திருத்தணி விநாயகமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லை பற்றிய படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. நகரியும் புத்தூரும் சத்தியவேடும் ஆந்திரப் பக்கமே நின்றன. திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு, பெரும்பாலானவை தமிழ். கீழே திருப்பதியில் இன்று பலகையெல்லாம் தெலுங்கு முந்தி. இதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பலகையில் ஏறிய சொல் வேறு, வீட்டுக்குள் புழங்கிய சொல் வேறு. திருத்தணியில் பலகை "கழிப்பறை" என்றது, நகரியில் "மருகுதொட்லு" என்றது. இரண்டு ஊரிலும் கிழவிகள் "வெளிக்கு" என்றுதான் சொன்னார்கள்.

தெலுங்குத் "தொட்டி" நாம் தண்ணீர் பிடிக்கும் தொட்டி அல்ல; டகரத்தை மென்மையாகச் சொல்ல வேண்டும். மாடு கட்டும் இடம், வீட்டுப் பின்கட்டு என்று பொருள். "தொட்டிக்கிப் போவது" என்றால் வெளிக்குப் போவது. தமிழில் "கொல்லைக்குப் போவது" என்கிறோமே, அச்சாக அதுதான். பின்னால் "மருகு", அதாவது மறைவு, என்பது முன்னால் ஒட்டி மருகுதொட்டி ஆனது. மறைவான கொல்லை. நல்ல சொல்தான். அது பலகைக்கு வந்த காலத்தில் கிராமத்துப் பெண்ணுக்கு மறைவும் இல்லை, கொல்லையும் இல்லை.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆயா ராத்திரி அரை வயிறுதான் சாப்பிடுவாள். வெயில் காலத்தில்கூடச் சாயங்காலத்துக்குமேல் தண்ணீர் குடிக்கத் தயங்குவாள். விடியுமுன் நான்கைந்து பெண்கள் சேர்ந்து போவார்கள். முன்னால் போகிறவள் கையில் ஒரு குச்சி, பாம்புக்காகத் தரையைத் தட்டிக்கொண்டே. சாலையோரம் உட்கார்ந்திருக்கும்போது பஸ் வெளிச்சம் விழுந்தால் எல்லோரும் எழுந்து முதுகைக் காட்டி நிற்பார்கள்; பஸ் போனதும் மறுபடி உட்காருவார்கள். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கரைவரை தண்ணீர் நிற்கும், ஊருக்கெல்லாம் சந்தோஷம். பெண்களுக்கு மட்டும் இடம் போய்விடும். "வெளிக்கு" என்ற சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருந்தது.

தெலுங்குப் பத்திரிகைகளில் "பஹிர்பூமிக்குச் சென்ற பெண்" என்று ஒரு வாசகம் உண்டு. நம் பத்திரிகைகள் "இயற்கை உபாதை கழிக்கச் சென்ற பெண்" என்று எழுதும். இரண்டுக்கும் அடுத்த வரியில் வருவது பாம்புக்கடி, இல்லையென்றால் ரயில், இல்லையென்றால் அதைவிடக் கொடியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 100 வீட்டில் 23இல்தான் கழிப்பறை. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் அது 32. மொழிவழி மாநிலம் கேட்டுப் போராடிய இரண்டு மாநிலங்களின் நிலையும் அரை நூற்றாண்டு கழித்து இதுதான்.

நகரத்துக் கதை வேறு. திருப்பதி 1886இல் நகராட்சி ஆனது, சித்தூர் 1917இல். நகராட்சி வந்த ஊர்களில் "கக்கூஸ்" இருந்தது. டச்சு மொழியில் "கக்ஹவ்ஸ்" என்றால் மலம் கழிக்கும் வீடு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியே இதை டச்சுச் சொல் என்று குறித்திருக்கிறது. டச்சுக்காரர்கள் 1610 வாக்கில் பழவேற்காட்டில் கடை போட்டவர்கள். சத்தியவேட்டுக்கு நேர் கிழக்கே இருக்கிறது அது. நாகப்பட்டினம், கொச்சி, இலங்கை, ஜாவா என்று அவர்கள் இருந்த இடமெல்லாம் சொல் தங்கிவிட்டது: மலையாளத்தில் கக்கூஸ், கன்னடத்தில் கக்கஸு, சிங்களத்தில் கக்குஸ்ஸி, இந்தோனேசியாவில் ககுஸ். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பலகையில் "மலசலகூடம்" என்று எழுதினாலும் இது அவர்களுக்கும் தெரிந்த சொல்தான். தெலுங்கில் நான் அதிகம் கேட்டவை வேறு. அங்கே ஒரு பக்கம் பாரசீக வழி வந்த "பாயிகானா", இன்னொரு பக்கம் "பாக்கீதொட்டி".

இந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். தெலுங்கில் "பாக்கீ" என்றால் மலம் அள்ளும் தொழிலாளி. பாக்கீதொட்டி என்றால் அவர் வந்து அள்ள வேண்டிய கழிப்பறை. நம் பக்கம் அதை "எடுப்புக் கக்கூஸ்" என்றோம். எடுப்பவரைத் "தோட்டி" என்றோம்.

சித்தூரில் மிட்டூர்ப் பக்கம் நைனா வாடகைக்கு இருந்த வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. இரண்டு கல் மேடை, நடுவே ஓட்டை, அடியில் ஒரு தகரம். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கதவு. அது சந்தில் திறக்கும். தமிழிலும் தெலுங்கிலும் சந்து சந்துதான். காலையில் ஒரு அம்மா வாளியும் தகட்டுத் துண்டுமாக அந்தச் சந்தில் வருவார். கதவைத் தூக்கி, வழித்து, வாளியில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார். "சாம்பல் போடுங்கம்மா" என்று உள்ளே பார்த்துக் கேட்பார். அடுப்புச் சாம்பலைத் தூவினால் வழிப்பது கொஞ்சம் சுலபம். ராத்திரி அதே சந்துப் பக்கம் வந்து மீந்த சோற்றை வாங்கிக்கொள்வார். வீட்டில் அவரைத் தோட்டியம்மா என்பார்கள். தெலுங்கு வீடுகளில் பாக்கீதி. அவருடைய பெயர் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோட்டி என்பது ஆதியில் மலம் அள்ளுபவரைக் குறித்த சொல் அல்ல. வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் தலையாரி, வெட்டியான், நீர்கட்டி என்ற வரிசையில் தோட்டியும் ஓர் ஊழியர். சேதி சொல்வதும் களம் காப்பதும் அவர் வேலை. நகராட்சி வந்த பிறகு அந்தப் பெயர் வாளியோடு கட்டப்பட்டது. சென்னை மாநகராட்சியில் இந்த வேலைக்குத் தெலுங்கு பேசும் ஆதி ஆந்திரரைத் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டார்கள். குப்பத்துக்கு வடக்கே, மாநில எல்லை தாண்டிய கோலார் தங்கவயலில் இப்படி ஒரு குடும்பத்தில் 1966இல் பிறந்தவர்தான் பெஜவாடா வில்சன். எடுப்புக் கக்கூஸ்களை இடித்துத் தள்ள வேண்டும் என்று அவர் தொடங்கிய போராட்டம் சஃபாய் கர்மசாரி அந்தோலன் என்ற அமைப்பாக வளர்ந்தது. 2016இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் முதல் சட்டம் 1993இல் வந்தது, கடுமையான இரண்டாவது சட்டம் 2013இல். 2017இல் திவ்யபாரதி இதே தொழிலைப் பற்றிய தன் ஆவணப்படத்துக்குக் "கக்கூஸ்" என்றே பெயர் வைத்தார். முகம் சுளிக்க வைக்கும் சொல்லைச் சுளிக்கச் சுளிக்க முன்னால் வைத்தது சரியான காரியம்.

இப்போது பஸ் ஸ்டாண்டுகளில் ஆந்திரத்தில் "சுலப் காம்ப்ளெக்ஸ்". 1970இல் பிந்தேஸ்வர் பாடக் பீகாரில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் இங்கே பொதுச்சொல்லாகிவிட்டது. எல்லை தாண்டினால் "நவீன கட்டணக் கழிப்பறை". வீடுகளில் இரண்டு பக்கமும் பாத்ரூம், டாய்லெட். 2014க்குப் பிறகு 12,000 ரூபாய் மானியத்தில் வீட்டுக்கு வீடு அறை எழும்பியது. என் ஊரில் அதில் சிலவற்றில் விறகு அடுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் இல்லை என்பதுதான் காரணம்.

கி.ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் தொகுத்தார், பெருமாள்முருகன் கொங்குச் சொற்களைத் தொகுத்தார். தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உழவுச் சொற்களையும் நெசவுச் சொற்களையும் மாவட்டம் மாவட்டமாகச் சேகரித்தார். எங்கள் பக்கத்துக்கும் அப்படி ஒரு வேலை நடக்க வேண்டும். குப்பத்தில் 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இதற்கென்றே அமைந்த இடம். நகரி, புத்தூர், சத்தியவேடு, பலமனேர் பக்கத்தில் இருக்கிறவர்கள் உங்கள் வீட்டுக் கிழவியிடம் கேளுங்கள்: எங்கே போனீர்கள், எத்தனை மணிக்கு, யாரோடு, அதற்கு என்ன சொல்வீர்கள். வெட்கப்பட்டால் மறுநாள் கேளுங்கள். ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள். பாக்கீ, தோட்டி என்ற இரண்டையும் அந்த நோட்டில் எழுதுங்கள். வாயில் இனி வேண்டாம்.