முறுக்குவிசை

முறுக்குதல் என்றால் திருகுதல். கயிறு முறுக்குவதும் நாம் தின்னும் முறுக்கும் இந்தச் சொல்லின் உறவுதான். முறுக்குவிசைக்குப் பாடநூலில் 'திருப்பு விசை' என்று பெயர், பட்டறையில் 'டார்க்'. டார்க்குக்கு மூலம், திருகுதலைக் குறிக்கும் 'டார்க்குவேரே' என்ற லத்தீன் சொல். எனக்கு முறுக்குவிசையே பிடிக்கும். கையின் வேலை அதில் தெரிகிறது.

ஒரு மீட்டர் ஸ்பானரின் முனையில் செங்குத்தாக 10 நியூட்டன் விசை கொடுத்தால், முறுக்குவிசை 10 நியூட்டன் மீட்டர். இன்ஜின் ஹெட் போல்ட்டை முறுக்கும்போது அது ஸ்பிரிங் போல மயிரிழை நீண்டு, ஹெட்டை பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. முறுக்கு குறைந்தால் கேஸ்கெட் கசியும்; மிகுந்தால் மரை அழியும், போல்ட்டே முறியும். மரையில் எண்ணெய் பட்டிருந்தால், அதே முறுக்கு போல்ட்டைக் கூடுதலாக இழுத்துவிடும். கைக்கணக்கை நம்பாதீர்கள், வண்டியின் கையேட்டிலுள்ள அளவை டார்க் ரெஞ்சில் வைத்து முறுக்குங்கள்.