மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 கார்கள் அரை நூற்றாண்டு ஓடியதைப் பழமை மேலுள்ள பாசம் என்று வெளியூரார் சொல்வதுண்டு. நான் ஹயர் கார் ஓட்டியவரின் மகன். பாசத்துக்கு முன்னே கணக்கு இருந்ததை வீட்டிலேயே கண்டவன்.

ஏ40 வரிசையில் டெவன் 1947இலும் சோமசெட் 1952இலும் இங்கிலாந்தில் வெளிவந்தன. 1200 சிசி எஞ்சின். செசி தனி, பொடி தனி. பொடி கறள் பிடித்தால் வெட்டி ஒட்டலாம். செசி அப்படியே இருக்கும். 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகியபோது இந்த அமைப்புத்தான் கைகொடுத்தது. புதிது வராத ஊரில், உள்ளதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கராஜ்காரரும் லேத்காரரும் பெருகினார்கள்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பான் கார்கள் வந்தன. குலுக்கம் குறைவு, பெற்றோலும் குறைவு. சொகுசிலும் செலவிலும் ஏ40 தோற்றுத்தான் போனது.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டது. வடக்கிற்குப் பெற்றோல் தடைப்பட்டது. கிடைத்த கொஞ்சமும் போத்தல் கணக்கில், வாய்க்கு வந்த விலையில் விற்றது. அப்போது பழைய கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின.

அப்பா பொனற்றைத் திறந்து, சின்னப் போத்தலிலிருந்து காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விடுவார். முன்னால் ஹான்டிலைச் செருகிச் சுற்றுவார். எஞ்சின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அழுத்த விகிதம் கூடிய புதிய எஞ்சின்களில் அது நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். ஏ40இன் விகிதம் ஏழைச் சற்றே தாண்டியது, அதனால் தாங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகையும் பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில்தான் உழுதது.

இதற்கும் விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை இளக்கிவிடும். அப்பா ஒயில் கம்பியை உருவி, இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பார். பிசுபிசுப்பு இல்லையென்றால் அன்று ஹயர் கிடையாது. ஒயிலும் அரிதான காலம் அது. உள்ளே இருப்பவர்களுக்குப் புகையில் கண் எரியும். ஆனாலும் பிரசவ வலியெடுத்த பெண்ணைப் பெரியாஸ்பத்திரியில் சேர்க்க அந்தக் கார்தான் இருந்தது.

2020இல் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. 2022இல் எரிபொருளுக்குப் பங்கீடு வந்தது. கார் வாங்கப்போகும் இளையவர்கள் சொகுசையும் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதையும் பார்க்கட்டும், இரண்டும் முக்கியம்தான். ஆனால் எரிபொருளின் விலை நம் கையில் இல்லை. சொகுசு, வண்டி ஓடினால்தான் சொகுசு. பழுதானால் நம் ஊரில், நம் ஊர்க் கைகளால் திருத்த முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். எங்கள் ஊரை அந்த ஆண்டுகளில் சுமந்தவை அப்படித் திருத்தக்கூடிய கார்கள்தான்.