பாய்லரைப் பார்க்க வந்தவர் கதவைப் பார்க்கவில்லை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கதவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் சிலர் சிரித்தார்கள். கதவில் என்ன வரலாறு இருக்கிறது, திறப்பதும் மூடுவதும்தானே என்றார்கள். அந்தத் திறப்பதிலும் மூடுவதிலும்தான் நம்மவர் உயிர் போயிருக்கிறது. அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புகைவீடு நினைவிருக்கும். காலையில் வெட்டிய பாலை ஸ்டோரில் ஊற்றி, ஆசிட் போட்டு உறைய வைத்து, மெஷினில் கொடுத்து ஷீட்டாக்கி, ஈரத்தோடு கழிகளில் தொங்கவிட்டுப் புகைவீட்டுக்குள் தள்ளுவார்கள். அடுப்பில் ரப்பர் விறகு எரியும். ஏறத்தாழ 60 டிகிரி சூட்டில் நான்கைந்து நாள் புகையில் கிடந்து வெளியே வரும்போது ஷீட்டு தேன் நிறத்தில் இருக்கும். ஒரு ஷீட்டு கழியிலிருந்து நழுவி அடுப்புப் பக்கம் விழுந்தால் போதும், அத்தனையும் பற்றிக் கொள்ளும். ரப்பர் எரிந்தால் வரும் கரும்புகையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அறுபதுகளின் கடைசியில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒரு ராத்திரி புகைவீடு பற்றியது. லயத்திலிருந்து எல்லோரும் ஓடினோம். ஸ்டோர் மண்டோர் ஒரே ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பக் கத்தினார்: "கதவைத் திறக்காதே!" உள்ளே இருக்கும் ஷீட்டைக் காப்பாற்றலாம் என்று ஓர் இளைஞர் திறந்து விட்டார். அதுவரை உள்ளுக்குள் முணுமுணுத்துக் கொண்டிருந்த நெருப்பு, காற்றுக் கிடைத்ததும் கூரைக்கு ஏறியது. அந்த இளைஞர் புருவம் கருகியதோடு தப்பினார். புகைவீடு தப்பவில்லை. மறுநாள் பெரட்டில் துரை என்ன பேசினார் என்பதை இந்தத் தொலைக்காட்சியில் சொல்ல முடியாது.

இன்று பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடத்தைத்தான் அந்த மண்டோர் அன்று கத்தினார். நெருப்புக்குக் காற்று வேண்டும். மூடிய கதவு அதைத் தடுக்கும். பெரிய கட்டடங்களில் படிக்கட்டுக்கு முன்னால் கனமான ஒரு கதவு, கை விட்டதும் தானே மூடிக் கொள்கிறதே, மலாயில் 'பிந்து ரிந்தாங்கான் ஆப்பி' என்கிறார்களே, அந்தத் தீத்தடுப்புக் கதவின் வேலை இதுதான். நெருப்பையும் புகையையும் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ அப்பால் நிறுத்தி வைப்பது. அந்த நேரத்துக்குள் மனிதர்கள் இறங்கி ஓடிவிட வேண்டும். ஆகவே ஒரே கதவு நெருப்புக்கு மூடியிருக்க வேண்டும், மனிதனுக்குத் திறக்க வேண்டும். இந்த இரண்டில் எது தவறினாலும் சாவுதான்.

1892-இல் பாய்லருக்குச் சட்டம்

நம் மாநிலத்தில் ஆய்வு என்பது புதிய சங்கதி அல்ல. நீராவிப் பாய்லர்களுக்காகச் சிலாங்கூரில் 1892-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பாய்லர் வெடித்தால் ஈயச் சுரங்கம் நின்றுவிடும், முதலாளிக்கு நஷ்டம். ஆகவே பாய்லரைப் பார்க்க ஆள் வந்தது. பிறகு 1913-இல் இயந்திரச் சட்டம், 1932-இல் இன்னொன்று, 1953-இல் இன்னொன்று, கடைசியில் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம். ஒவ்வொரு சட்டத்திலும் இயந்திரத்தைப் பார்க்கும் கண் கூர்மையாகிக் கொண்டே போனது.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் என்றொரு தோட்டம். பெயரைச் சொன்னாலே நம்மவர் வைத்த பெயர் என்று தெரியும். ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் அங்கேதான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசையும் பெற்றார். ரப்பருக்கு வேண்டாத பாய்லர் செம்பனைக்கு வேண்டும். பழத்தை ஆவியில் அவிக்க வேண்டுமே. செம்பனை பரவப் பரவ ஆலைகள் வந்தன, ஆலைகளுக்குப் பாய்லர்கள் வந்தன, பாய்லரைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார்.

லயத்துக்கும் ஆய்வு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கிள்ளானில் 1901 முதல் மலேரியாவை எதிர்த்து நின்ற டாக்டர் மால்கம் வாட்சனுக்குப் பிறகு, தோட்டத்துக்கு வரும் சுகாதார அதிகாரிகள் சாக்கடையைப் பார்த்தார்கள், கொசுவைப் பார்த்தார்கள், குடிதண்ணீரைப் பார்த்தார்கள். ஜனங்கள் செத்துக் கொண்டிருந்தது காய்ச்சலில்தான் என்பதால் அது நியாயமே. பலகைச் சுவரும் ஒட்டு வீடுமாக இருந்த லயத்தில் ஓர் அடுப்பு தவறினால் எத்தனை குடும்பம் வெளியேற வேண்டும், எந்த வழியாக வெளியேறும் என்று யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை விட்டுத் தாய்மார்கள் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனார்கள். அந்தக் கொட்டகைக்கு எத்தனை வாசல்? நம்மில் யாராவது எண்ணியது உண்டா?

கதவுக்குச் சட்டம் வந்த கதை

தீயணைப்புப் படை நம் நாட்டில் பழையதுதான். சிலாங்கூரில் 1883-இலேயே தொண்டூழியத் தீயணைப்புப் படை தொடங்கியது. 1976 ஜனவரி 1-ஆம் தேதி அது மத்திய அரசாங்கத் துறையானது. கதவுக்கான விதி 1984-இல் வந்தது. ஒரே சீரான கட்டட உள்விதிகள் என்று அதற்குப் பெயர். தீத்தடுப்புக் கதவு தானே மூடிக் கொள்ள வேண்டும் என்று அது சொன்னது. வெளியேறும் கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்றும் சொன்னது. 1892-இலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்: 92 ஆண்டுகள்!

அதன் பிறகு 1988-ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம். குறிப்பிட்ட வகைக் கட்டடங்கள் 'பெராக்குவான் பொம்பா' என்ற தீயணைப்புச் சான்றிதழ் பெற வேண்டும். அது 12 மாதத்துக்குத்தான் செல்லும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எந்தெந்தக் கட்டடம் என்பதை 1998-இல் ஓர் ஆணை பட்டியலிட்டது: மருத்துவமனை, ஹோட்டல், தங்கும் விடுதி, அலுவலகம், கடை, தொழிற்சாலை எனப் பரப்பளவையும் மாடிகளையும் பொறுத்து. ஆண்டுக்கொரு முறை கதவைப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் சட்டப்படி வந்தது இப்படித்தான்.

சட்டத்துக்கும் பட்டியலுக்கும் நடுவில் என்ன நடந்தது? 1989 செப்டம்பர் 22-இல் கெடா, குவார் செம்பெடாக்கில் மரத்தால் ஆன விடுதி எரிந்து 27 மாணவிகள் மாண்டனர். அடுத்து நம் வாசலுக்கே வந்தது.

1991 மே 7, பிற்பகல் ஏறத்தாழ 3.45 மணி. சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. ஈஜோக் வழியாகக் கோலசிலாங்கூருக்குப் போகும் பாதையில் இருப்பவர்கள் இதை என்னிடம் இன்றும் சொல்வதுண்டு. ஏழெட்டு கிலோமீட்டர் தூரம் அதிர்ந்தது. சுற்றியிருந்த வீடுகளின் கூரைகள் பறந்தன. 26 பேர் மாண்டனர், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பட்டாசுத் தொழிற்சாலையில் தீத்தடுப்புக் கதவு இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. வெடிமருந்து வேறு, விறகு நெருப்பு வேறு. நான் சொல்வது ஆய்வைப் பற்றி. ஜனங்கள் குடியிருக்கும் இடத்துக்கு நடுவே வெடிமருந்தை வைத்துத் தொழில் நடக்கிறது; பார்க்க வேண்டிய துறைகள் பல; ஒவ்வொன்றும் தனக்குரியதை மட்டும் பார்த்தால் முழுவதையும் பார்த்தவர் யார்? அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேகம் பிடித்து வந்தது. இயந்திரத்தைப் பார்த்த 1967-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 1-இல் ரத்தாகி, எல்லாம் இப்போது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது.

கும்பகோணத்தை நேயர்கள் மறந்திருக்க முடியாது. 2004 ஜூலை 16. சமையல் கொட்டகையில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி, 94 பிள்ளைகள் போய்விட்டார்கள். மாடியிலிருந்து இறங்க ஒரு குறுகிய படிக்கட்டு. அன்று நம் தொலைக்காட்சிகளிலும் அந்தப் படங்களைப் பார்த்து அழாதவர் இல்லை. அதே வாரம் நம் வட்டாரத்தில் எத்தனை பாலர் பள்ளிகளில் பின்வாசல் பூட்டைத் திறந்து பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி. 2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூர், கம்போங் டத்தோ கிராமாட்டில் சமயப் பள்ளி விடுதி எரிந்து 23 பேர் மாண்டபோது, ஜன்னல்களில் கம்பி இருந்தது. திருடனுக்குப் போட்ட கம்பி பிள்ளைகளை அடைத்தது.

பார்ப்பவருக்கு என்ன தெரிய வேண்டும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தீத்தடுப்புக் கதவை ஆய்வு செய்வது எப்படி? கதவு இருக்கிறதா, இருக்கிறது, டிக் போடு என்றால் அதற்குப் பயிற்சி வேண்டாம். ஆனால் அந்தக் கதவு வெறும் பலகை அல்ல. கதவு, நிலை, கீல், தாழ்ப்பாள், தானே மூடும் கருவி, ஓரத்தில் ஓடும் பட்டை, இவை அத்தனையும் சேர்த்து ஒன்றாகச் சூளையில் வைத்து எரித்துச் சோதித்துச் சான்று கொடுக்கப்பட்டது. மலேசியத் தரம் எம்.எஸ். 1073 என்று இதற்குத் தனித் தரமே இருக்கிறது. அந்த ஓரப் பட்டை சூடு பட்டால் உப்பும். உப்பி இடைவெளியை அடைக்கும். நிலைக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அதைவிட மிக அகலமாகிவிட்டால் பட்டை உப்பினாலும் எட்டாது. புகை உள்ளே வந்துவிடும். தீயில் சாகிறவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது புகைதான்.

ஆகவே பார்ப்பவர் கதவை முழுதாகத் திறந்து கையை விட வேண்டும். தானாக வந்து தாழ்ப்பாள் விழுகிறதா? பாதி வழியில் நின்றால் அந்தக் கதவு தோல்வி. கீல் மாற்றப்பட்டிருந்தால் எந்தக் கீல் என்று பார்க்க வேண்டும். யாரோ புதுத் தரை ஓடு பதித்துவிட்டு அடியில் அரை அங்குலம் சீவியிருப்பார்கள். பெயின்ட் அடிப்பவர் அந்தப் பட்டை மேலேயே அடித்திருப்பார். இன்டர்நெட் கேபிள் இழுப்பவர் நிலைக்கு மேலே சுவரில் ஓட்டை போட்டு அப்படியே விட்டிருப்பார். கதவு பளபளவென்று இருக்கும்; வேலை செய்யாது. இதைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். பழகாத கண்ணுக்கு இவை எதுவும் தெரியாது.

அமெரிக்கா இதைத் தாமதமாகத்தான் உணர்ந்தது. 1903 டிசம்பர் 30-இல் சிகாகோ நகரில் இரொக்வா நாடக அரங்கில் 600-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பல கதவுகள் திறக்கவில்லை. தள்ளினால் திறக்கும் நீளக் கம்பி வைத்த கதவு அதன் விளைவாக வந்தது. 1911-இல் நியூயார்க் டிரையாங்கிள் தையல் ஆலையில் 146 பேர், பெரும்பாலும் இளம்பெண்கள். பூட்டிய கதவு. இத்தனைக்குப் பிறகும், தீத்தடுப்புக் கதவுகளை ஆண்டுதோறும், கதவின் உறுப்புகளை அறிந்தவரே ஆய்வு செய்ய வேண்டும் என்று அவர்களின் தரநூல் தெளிவாகச் சொன்னது 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14-இல் 72 பேர் இறந்தார்கள். பல வீட்டுக் கதவுகள் தானே மூடவில்லை என்பதும் புகை பரவ ஒரு காரணம் என விசாரணை கண்டது. 2023 ஜனவரி முதல் இங்கிலாந்தில் 11 மீட்டருக்கு மேல் உயர்ந்த குடியிருப்புகளில் பொதுக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், வீட்டு வாசல் கதவுகளை ஆண்டுக்கொரு முறையும் பார்க்க வேண்டும் என்று சட்டம்.

நமக்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. வடசிலாங்கூரிலேயே, கோலகுபு பாருவில் தீயணைப்பு மீட்புக் கல்விக்கழகம் இருக்கிறது. வெள்ளத்தால் அழிந்த பழைய ஊரிலிருந்து இடம் மாற்றிக் கட்டிய ஊர் அது. ஆபத்தைப் படிக்கப் பொருத்தமான இடம். அங்கே பயிற்சி பெற்ற அதிகாரிகள் சான்றிதழ் ஆய்வுக்கு வருகிறார்கள். அவர்கள் ஒரு கட்டடத்தில் பார்க்க வேண்டியது ஏராளம்: குழாய், ஹைட்ரன்ட், அலாரம், விளக்கு, படி. அவர்கள் வருவது ஆண்டில் ஒரு நாள். மற்ற 364 நாளும் அந்தக் கதவோடு இருப்பவர் காவலாளி, துப்புரவுத் தொழிலாளி, பராமரிப்பு ஆள். இவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் புஞ்சாக் ஆலாமிலும் தொழிற்சாலைக்கும் காவல் வேலைக்கும் போனவர்கள் அவர்கள். பயிற்சியை அவர்களிடம் கொண்டு போக வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. அரை நாள் போதும், தமிழிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

சில மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவரின் ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். நான்காம் மாடிப் படிக்கட்டுக் கதவைச் செங்கல் வைத்துத் திறந்தே விட்டிருந்தார்கள், காற்றுக்காக. நான் செங்கலை எடுத்தேன். இறங்கி வரும்போது மறுபடியும் வைத்திருந்தார்கள். ஒரு பாட்டி, "தம்பி, அந்தக் கதவு ரொம்பக் கனமா இருக்கு, என்னால தள்ள முடியல" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. மூடும் கருவியின் விசை கூடியிருந்தால் குறைத்து வைக்கலாம். அதற்கு ஒரு திருகுதான் தேவை. அதைத் தெரிந்த ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை.

நேயர் கேள்வி

ஈஜோக்கிலிருந்து தொலைபேசியில் அழைத்த ஐயா ஒருவர் கேட்டார்: "இரவு ஷிப்டில் பின்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை முன்னால் காவலாளியிடம் கொடுக்கிறார்கள். பொருள் திருட்டுப் போகிறதாம். இது சரியா?"

சரியில்லை ஐயா. அது வெளியேறும் கதவு என்றால் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும், இரவானாலும் பகலானாலும். திருட்டைத் தடுக்க வேண்டுமானால் திறந்ததும் மணியடிக்கும் கருவியைப் பொருத்தலாம். கதவு திறக்கும், யார் திறந்தார் என்பதும் தெரிந்துவிடும். முதலில் உங்கள் பாதுகாப்புக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக் கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் வட்டாரத் தீயணைப்பு நிலையத்துக்கே போய்ச் சொல்லலாம். வெளியேறும் வழியை அடைப்பது தீ அபாயம், அதை அகற்றச் சொல்லி அறிவிப்புக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அதுவரை, இன்று இரவு ஷிப்டுக்குப் போனதும், அந்தச் சாவி எங்கே தொங்குகிறது என்று உங்களோடு வேலை செய்பவர்கள் அத்தனை பேருக்கும் காட்டி விடுங்கள்.