1980 ஜனவரி 1-ல் பிறந்த கோப்புகள்

பழைய கம்ப்யூட்டரில் இருந்து கோப்புகளை மீட்டெடுப்பவர்களுக்கு இந்தத் தேதி நன்றாகப் பழக்கம்: 1-1-1980, செவ்வாய்க்கிழமை. ஐபிஎம் பிசி விற்பனைக்கு வந்ததே 1981 ஆகஸ்டில்தான். அப்புறம் எப்படி அதில் அடித்த மனு அதற்கும் முந்தைய தேதியில் பிறந்தது?

டாஸ் கோப்புகளின் வருஷத்தை 1980-ல் இருந்துதான் எண்ணும். அதற்கு முன்னால் அதற்கு உலகமே கிடையாது. முதல் பிசியிலும், 1983-ல் வந்த எக்ஸ்டியிலும் பேட்டரியில் ஓடும் கடிகாரம் மதர்போர்டில் இல்லை. ஆன் செய்ததும் தேதி கேட்கும். பொறுமையில்லாதவர்கள் எண்டர் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கடிகாரம் 1980-ன் முதல் நள்ளிரவில் இருந்து ஓட ஆரம்பிக்கும்.

1984-ல் வந்த ஏடியில்தான் இதற்கு வழி பிறந்தது. மோட்டோரோலாவின் ஒரு சிப், 64 பைட் நினைவு. அதில் 14 கடிகாரத்துக்கு. மிச்சம் 50-ல் ஹார்ட் டிஸ்க் என்ன வகை, ஃப்ளாப்பி எத்தனை என்ற விவரங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் இதை உயிரோடு வைத்திருக்க ஒரு பேட்டரி. ஏடியில் அது தனியாக வயரில் இணைத்த லித்தியம் பேட்டரி. பின்னால் வந்த மலிவு 386, 486 போர்டுகளில், ஆன் செய்திருக்கும்போது சார்ஜ் ஏறும் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் உருளையைப் போர்டிலேயே சால்டர் வைத்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது கசியும். உள்ளே இருக்கும் காரம் செப்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். நினைவைக் காக்க வைத்த பேட்டரியே போர்டைத் தின்றுவிடும்.

பாப்பாரப்பட்டியில் ஒரு வீட்டுப் பரணில் இருந்து எனக்குக் கிடைத்த 486-ம் இதே கதைதான். ஒருகாலத்தில் ஜாப் டைப்பிங் செய்த மெஷின். கேபினெட்டின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 826, 16, 63. சிலிண்டர், ஹெட், செக்டார். பேட்டரி செத்தபிறகு தினமும் காலையில் இந்த மூன்று எண்ணையும் பயாஸில் போட்டால்தான் ஹார்ட் டிஸ்க் தெரியும். பெருக்கிப் பார்த்தால் 426 எம்பி வருகிறது. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் நானும் திணறியிருப்பேன்.

இப்படி ஒரு மெஷின் கிடைத்தால் முதல் வேலை, ஆன் செய்யாமல் பேட்டரியை வெட்டி எடுப்பது. பச்சை பூத்த இடத்தில் வினிகர் தொட்ட பஞ்சு, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். வாட்ச் கடையில் கிடைக்கும் சிஆர்2032 வில்லையைப் போடலாம். ஆனால் நேரடியாக இல்லை. போர்டு அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும், லித்தியம் வில்லை அதற்கானது இல்லை. நடுவில் ஒரு டயோடு கட்டாயம். பேட்டரிக்கு இன்னும் உயிர் இருந்தால், அதை வெட்டுவதற்கு முன்னால் ஆன் செய்து, மெஷின் காட்டும் நேரத்தையும் கையில் இருக்கும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசம்தான் பிறகு கணக்குப் போட உதவும்.

என் மெஷினில் அதற்கு வாய்ப்பில்லை. 1996 வரைக்கும் கோப்புகளில் ஒழுங்கான தேதிகள். அதற்கப்புறம் எல்லாமே 1-1-1980. ஹார்ட் டிஸ்க் எண்களைப் போட்டவர்கள் தேதியைக் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் மன்னனின் ஆட்சியாண்டு பொறித்திருக்கும். மன்னன் பட்டமேறிய வருஷம் தெரியாவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்தக் கோப்புகளும் அப்படித்தான். 00:47 என்றிருந்தால், ஆன் செய்து 47 நிமிஷத்தில் சேமித்தது என்று அர்த்தம். எந்த நாள், எந்த வருஷம் என்பதற்கு அதில் பதிலே இல்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் புது ராஜா பட்டமேறுகிறார்!

ரோடு கேட்டு எழுதிய ஒரு மனுவுக்கு அதில் இரண்டு வரைவுகள் இருந்தன. ஒன்று 00:12, இன்னொன்று 00:47. கடிகாரத்தை நம்பினால் 47-தான் பிந்தியது. சுவடிகளை ஒப்பிடுவது போல இரண்டையும் வரிவரியாக வைத்துப் பார்த்தேன். 47-ல் இருக்கும் எழுத்துப் பிழைகள் எல்லாம் 12-ல் திருத்தியிருக்கின்றன. கீழே மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது ஐந்தாகியிருக்கிறது. 12-தான் பிந்தியது, அது வேறொரு நாள் காலையில் அடித்தது.